கடல் பிரித்த குடும்பம்: ஹைதராபாத் ரெசிடென்ட் கிர்க்பாட்ரிக்கின் இல்லறமும் வாரிசுகளும்

ஹைதராபாத்: மூசி ஆற்றின் வடகரையில், கோட்டி பகுதியிலுள்ள மகளிர் பல்கலைக்கழக வளாகத்தில், உயர்ந்த தூண்கள் தாங்கும் வெண்ணிற மாளிகை ஒன்று நிற்கிறது. பிரிட்டிஷ் ரெசிடென்சி என்று அழைக்கப்படும் இம்மாளிகையின் பின்புறத் தோட்டத்தில், அதன் வடிவத்தையே சிறிய அளவில் கொண்ட மாதிரிக் கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. கோஷா முறையைக் கடைப்பிடித்த தன் மனைவி மாளிகையின் முன்புறம் வந்து அதைக் காண இயலாது என்பதால், அவருக்காகவே ரெசிடென்ட் அதைக் கட்டுவித்தார் என்பது நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை.

அந்த ரெசிடென்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக். அவருடைய மனைவி கைர்-உன்-நிஸா.

கிர்க்பாட்ரிக் 1764-ஆம் ஆண்டு சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். தந்தையும் கம்பெனியின் படை அதிகாரியே. தாய் இளவயதிலேயே மறைந்துவிட, குழந்தை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. தாய்முகம் அறியாது வளர்ந்த அந்தச் சிறுவன் 1779-இல் படைப் பணிக்காக மீண்டும் மதராஸ் வந்தார். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுத் தேர்ந்து, ஹைதராபாத்தில் ரெசிடென்டாக இருந்த அண்ணன் வில்லியமிடம் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் அப்பதவியைத் தாமே ஏற்றார்.

1798-இல் நிஜாம் அலி கானுடன் அவர் முடித்த உடன்படிக்கையும், அதைத் தொடர்ந்து ஒரு துளி ரத்தமும் சிந்தாமல் பிரெஞ்சு அதிகாரிகளின் கீழிருந்த பல்லாயிரம் வீரர்கள் ஆயுதம் களையப்பட்டதும் அவருடைய பெயரை கல்கத்தா வரை கொண்டு சென்றன. நிஜாம் அவருக்கு ஹஷ்மத் ஜங் என்னும் பட்டம் அளித்தார். முகலாய உடை உடுத்தி, தர்பாரின் நடைமுறைகளை உள்ளூர்ப் பிரபுக்களுக்கு இணையாக அறிந்து நடந்துகொண்ட அதிகாரி அவர்.

கைர்-உன்-நிஸா, நிஜாமின் அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த சையது குலத்தைச் சேர்ந்தவர். அமைச்சர் மீர் ஆலமின் உறவுப்பெண். வேறொரு பிரபுவின் குடும்பத்தில் அவருக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. அதை அவர் விரும்பவில்லை. தாய் ஷரஃப்-உன்-நிஸா மகளின் பக்கம் நின்றார். 1800-ஆம் ஆண்டை ஒட்டி நிக்காஹ் நடந்தது. கிர்க்பாட்ரிக் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரே அது நடந்தது என்பது பெண்வீட்டார் கூற்று. அப்போது மணமகனுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல். மணமகளோ பதினான்கு வயதை ஒட்டியவர். அக்காலத்தில் அது எவருக்கும் வியப்பளிக்கவில்லை என்றாலும், இன்று இக்கதையை வெறும் காதல் காவியமாகச் சொல்வோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர்.

திருமணச் செய்தியைக் கிர்க்பாட்ரிக் தம் மேலதிகாரிகளிடம் மறைத்தார். வதந்தி கல்கத்தாவை எட்டியபோது, கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி விசாரணைக்கு உத்தரவிட்டார். ஒரு பெண்ணின் குடும்பத்தை அதிகாரத்தைக் காட்டி அச்சுறுத்தினாரா, நிஜாமின் குடிமகனாகவே மாறிவிட்டாரா என்பதே கம்பெனியின் ஐயம். அத்தகைய வற்புறுத்தல் ஏதும் இல்லை என்ற சாட்சியத்தால் பதவி தப்பியது.

1801-இல் மகன் மீர் குலாம் அலியும், 1802-இல் மகள் நூர்-உன்-நிஸாவும் பிறந்தனர். வீட்டில் அவர்களுக்கு சாஹிப் ஆலம், சாஹிப் பேகம் என்று செல்லப் பெயர்கள். தாயும் பாட்டியும் ரெசிடென்சியின் அந்தப்புரமான ரங் மஹாலில் அவர்களை ஹைதராபாத் பிரபுக்களின் பிள்ளைகளாகவே வளர்த்தனர். வீட்டு மொழி, உடை, உணவு அனைத்தும் இந்நகரத்தினுடையவை.

ஆனால் தந்தையின் எண்ணம் வேறாக இருந்தது. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவப் பணிகளில் இடமில்லை என்ற விதி 1790களிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளின் எதிர்காலம் இங்கிலாந்தில்தான் என்று கிர்க்பாட்ரிக் முடிவு செய்தார். தாய் இல்லாமல் கடல் கடந்து அனுப்பப்பட்ட தம் குழந்தைப் பருவத்தை அவர் மறந்திருக்க முடியாது. எனினும் அதே பயணத்தைத் தம் பிள்ளைகளுக்கும் விதித்தார்.

1805-ஆம் ஆண்டு மதராஸில், கப்பலேறும் முன், ஓவியர் ஜார்ஜ் சின்னரி இரு குழந்தைகளையும் வரைந்தார். ஹைதராபாத் அரசவை உடையில் அண்ணன் நேரே நோக்கி நிற்க, தங்கை பார்வையைத் தாழ்த்தி நிற்கும் ஓவியம் அது. பிள்ளைகளைப் பிரிந்த தாய்க்கு மிஞ்சியது அதுவே. செப்டம்பரில் கப்பல் புறப்பட்டது. கல்கத்தாவுக்குப் பயணமான கிர்க்பாட்ரிக், வழியிலேயே நோய் முற்றி, அக்டோபர் 15-ஆம் தேதி அந்நகரில் உயிர் நீத்தார். தந்தையின் மரணம் பிள்ளைகளுக்குத் தெரியவந்தபோது அவர்கள் இங்கிலாந்தில் இருந்தனர்.

இருபது வயதை எட்டுமுன்போ, எட்டியபோதோ கணவனை இழந்த கைர்-உன்-நிஸா, அவருடைய கல்லறையைக் காண கல்கத்தா சென்றார். கணவரின் உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸலின் பாதுகாப்பை நம்பினார். அந்த உறவும் கைவிடலில் முடிந்தது. சில காலம் மசூலிப்பட்டினத்தில் தனித்து வாழ்ந்து, பின்னர் ஹைதராபாத் திரும்பி, 1813-இல் மறைந்தார். பிள்ளைகளை மீண்டும் காணவில்லை.

இங்கிலாந்தில் தாத்தாவின் பொறுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு 1806-இல் லண்டனில் ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. குலாம் அலி, வில்லியம் ஜார்ஜ் ஆனார். நூர்-உன்-நிஸா, கேத்தரின் அரோரா ஆனார், சுற்றத்தார்க்கு கிட்டி. தாய்வீட்டுக்குக் கடிதம் எழுதவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. பதின்ம வயதிற்கு முன்பே கொதிநீர்க் கொப்பரையில் விழுந்த வில்லியம் ஊனமுற்றார். 1828-இல், மனைவியையும் மூன்று பெண்குழந்தைகளையும் விட்டு இளம் வயதில் இறந்தார்.

கிட்டியின் வாழ்க்கை வெளிச்சம் நிறைந்தது. 1820களில் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் அவர்பால் ஈர்க்கப்பட்டார். சார்ட்டர் ரெசார்ட்டஸ் நூலில் வரும் புளூமைன் என்னும் பாத்திரம் கிட்டியின் சாயலே என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 1829-இல் படை அதிகாரி ஜேம்ஸ் வின்ஸ்லோ பிலிப்ஸை மணந்தார். ஏழு குழந்தைகளில் நால்வர் தங்கினர்.

ஒருமுறை, ஓய்வு பெற்று இங்கிலாந்தில் வாழ்ந்த ரஸ்ஸலின் ஸ்வாலோஃபீல்டு மாளிகைக்குச் சென்ற கிட்டி, சுவரில் தொங்கிய தம் குழந்தைப் பருவ ஓவியத்தைக் கண்டு கண்ணீர் சிந்தினார். தாய்க்கென வரையப்பட்ட படம், அவரைக் கைவிட்டவரின் இல்லத்தில் இருந்தது. பாட்டி ஷரஃப்-உன்-நிஸா இன்னும் உயிரோடிருப்பதும் அக்காலத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது.

1841-இல் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. பேத்தி ஆங்கிலத்தில் எழுத, பாட்டி பாரசீகத்தில் சொல்லி எழுதுவிக்க, ரெசிடென்சி அதிகாரி ஒருவர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். பிரிவுநாளில் தாய் அழுத அழுகையும், அமர்ந்திருந்த இடமும், அவருடைய நீண்ட கூந்தலும் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரும் தம் நினைவில் உள்ளதாகக் கிட்டி தெரிவித்தார். மூன்று வயதுச் சிறுமியாகப் பிரிந்தவரின் நினைவு அது.

அன்பு விசாரிப்புகளுக்கு நடுவே ஒரு கேள்வியும் இருந்தது: தம் பெற்றோர் முறைப்படி மணந்தவர்களா? தந்தையின் உயில் பிள்ளைகளை ஆங்கிலச் சட்டப்படி மணவுறவுக்குப் புறம்பே பிறந்தவர்களாகவே குறித்திருந்தது. நிக்காஹ் முறைப்படி நடந்தது என்று பாட்டி உறுதியளித்தார். மகளின் மானத்தைக் காக்க ஒரு முதிய தாய் அளித்த கடைசிச் சாட்சியம் அது. சொத்துகள் பறிபோய், வறுமையில் இருந்த அவர் 1847-இல் மறைந்தார். பாட்டியும் பேத்தியும் சந்திக்கவே இல்லை.

ரங் மஹால் பின்னாளில் இடிக்கப்பட்டது. பழுதடைந்திருந்த மாளிகை மறுசீரமைக்கப்பட்டு 2023-இல் திறக்கப்பட்டது. 1889-இல் டார்க்கியில் கிட்டி காலமானார். ரஸ்ஸல் தம் உயில்வழி கிட்டிக்கு விட்டுச்சென்ற அந்த ஓவியம் இன்று ஹாங்காங்கில், எச்எஸ்பிசி வங்கியின் வசம் உள்ளது.