வேட்டைக்காடு பறவைகள் சரணாலயமானது எப்படி? யார் இந்த சலீம் அலி?

ராஜஸ்தான் மாநிலம் பரத்பூர். பக்கத்து விடுதியில் தங்கி, விடியற்காலைப் பனியில் சைக்கிள் ரிக்‌ஷா ஏறி கேவலாதேவ் பூங்காவுக்குள் போனால், கொக்கும் நாரையும் வாத்துமாக கண் நிறையும். ஆனால், உள்ளே கோயில் அருகே நிற்கும் கல்வெட்டைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். எந்த நாளில், யார் வந்து, எத்தனை பறவைகளைச் சுட்டார்கள் என்ற கணக்கு அது!

1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ குழுவினர் ஒரே நாளில் சுட்டது மட்டும் 4,273 பறவைகள். அன்றைக்குத்தான் சலீம் அலிக்கு 42-வது பிறந்தநாள்!

1896-ல் மும்பையில் பிறந்த சலீம் அலி, சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். அவரும் வேட்டைப் பிரியர்தான். ஏர்கன்னால் சுட்ட குருவிக்கு கழுத்தில் மஞ்சள் நிறம். இது என்ன குருவின்னு கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அங்கே ஆரம்பித்த பறவைப் பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை. பட்டம் இல்லாததால் அரசு வேலை கைநழுவியது. ஜெர்மனி போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புத்தகம் வெளியானது.

சுதந்திரம் வந்ததும் பரத்பூருக்குப் புதுச் சிக்கல். மகாராஜாவின் வேட்டைக்காடு எதற்கு, விவசாய நிலமாக்குங்கள் என்று உள்ளூரில் குரல் எழுந்தது. நியாயமான கோரிக்கையும்கூட. சலீம் அலி நேரடியாக நேருவிடம் முறையிட்டார். சதுப்புநிலம் தப்பியது. 1956-ல் சரணாலயம், 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஆனால், அவர் கணிப்பு தப்பிய இடமும் இதே பரத்பூர்தான். எருமை மேய்ச்சல் பறவைகளுக்குக் கெடுதல் என்று நினைத்தவர்களில் அவரும் ஒருவர். 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. கிராம மக்கள் கொதித்தெழ, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அப்புறம் என்ன ஆச்சு? மேய எருமை இல்லாததால் புல் மண்டி, தண்ணீரையே மூடியது. பறவைகளுக்கு நீந்தவும் இரை தேடவும் இடமில்லை.

எருமைகள் தேவைதான் என்று சொன்னது, சலீம் அலி தன் வாழ்நாளையே கொடுத்த அதே பம்பாய் கழகத்தின் பல ஆண்டு கால ஆய்வு. அதன் இறுதி அறிக்கை வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1987-லேயே காலமாகிவிட்டார்.