சக்தி வை. கோவிந்தன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

மல்லாங்கிணற்றுக்காரனாகிய எனக்கு அச்சுத் தொழில் புதிதன்று. சிவகாசியில் நாட்காட்டியும், நோட்டுப் புத்தகமும், பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிளும் அச்சாவதை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் அச்சடிப்பது வேறு, பதிப்பிப்பது வேறு. அச்சகத்தாருக்குக் கூலி உண்டு. பதிப்பாளரோ கைமுதலைப் போட்டுவிட்டு வாசகன் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருக்கத் துணிந்த ஒருவரைப் பற்றியே எழுத விழைகிறேன்.

புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த இராயவரத்தில், நகரத்தார் குடும்பத்தில், 1912இல் பிறந்தவர் வை. கோவிந்தன். இளமையிலேயே பர்மா சென்று பணியாற்றித் திரும்பினார். அக்குலத்தார் பலர் பணத்தை வட்டித் தொழிலில் பெருக்கிய காலம் அது. இவரோ புத்தகத்தில் போட்டார். டால்ஸ்டாயின் நூலொன்றைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்க, அதை வெளியிட்டுத் தொடங்கியது சக்தி காரியாலயம். 1939இல் 'சக்தி' மாத இதழும் பிறந்தது. தி. ஜ. ர., ரகுநாதன், கு. அழகிரிசாமி முதலியோர் அதில் பணியாற்றினர். அழகிரிசாமி நம்மைப் போலவே கரிசல் மண்ணில், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி!

இங்கிலாந்தில் ஆலன் லேன் என்பார் 1935இல் ஆறு பென்னிக்குப் பெங்குவின் நூல்களை விற்கத் தொடங்கினார். தமிழில் அத்தகைய மலிவுப் பதிப்புக்கு வழிகாட்டியவர் கோவிந்தன். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் பாரதியார் கவிதைகளை இவர் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார்.

இது எப்படி இயலும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈய எழுத்துக்களைக் கோக்கும் கூலி, ஆயிரம் படி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒன்றே. ஆகவே படிகள் பெருகினால் அக்கூலி தலைக்குப் பத்தில் ஒன்றாகும். காகிதச் செலவு அவ்வாறு குறையாது. விற்பனையாளருக்குக் கழிவும் தரவேண்டும். விலையைக் குறைக்க வேண்டுமானால் ஏராளமாக அச்சிட வேண்டும். அதற்குப் பெருமுதல் வேண்டும். விற்காதவை கிடங்கில் கரையானுக்கு இரையாகும்.

சிறுவர்களையும் அவர் மறக்கவில்லை. 'அணில்' போன்ற இதழ்களை நடத்தினார். 1950இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

இத்தனைக்கும் பிறகு அவர் கையில் பொருள் தங்கவில்லை. வியாபாரம் அறியாதவர் என்று சிலர் கூறக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பர்மாவில் தொழில் பழகியவருக்கு லாப நட்டம் தெரியாதா? தெரிந்தேதான் விலையைக் குறைத்தார் என்பேன். எங்கள் வீட்டில் பாடநூல் அல்லாமல் முதன்முதல் நுழைந்த புத்தகம் ஒரு மலிவுப் பதிப்புப் பாரதிதான். விலை கூடியிருந்தால் என் தந்தையார் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கவும் மாட்டார்.

கோவிந்தன் 1966இல், தமது 54ஆம் வயதில் காலமானார்.