மலைமண்ணைக் காத்த மருத்துவர்

காஞ்சன்பாக்கில் மழை பெய்யும்போது பாருங்கள். பாறைமேல் விழும் நீர் உடனே வழிந்தோடும். மண்ணில் விழும் நீர் உள்ளே இறங்கித் தங்கும். நிலத்தின் தன்மைக்கேற்ப நீரின் போக்கும் மாறுகிறது. மலைநாட்டில் இவ்வேறுபாடு இன்னும் மிகுதி. அங்குள்ள காடுகளைக் காக்க உழைத்தவர் ஹியூ கிளெகார்ன்.

அவர் 1820ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார், ஸ்காட்லாந்தில் வளர்ந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1842ஆம் ஆண்டு மருத்துவராகச் சென்னைக்குத் திரும்பினார். மூலிகை ஆர்வம் அவரைத் தாவரவியலில் ஈடுபடுத்தியது. மைசூர் நாட்டுச் சிமோகாவில் பணியாற்றியபோது காடுகள் விரைந்து அழிவதைக் கண்டு வருந்தினார். அவ்வழிவைப் பற்றி 1851ஆம் ஆண்டு பிரித்தானிய அறிவியல் அறிஞர் அவைக்கு அறிக்கை அளித்தார். 1856ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் முதல் காட்டுக் காப்பாளரானார். ஆனைமலை முதலிய மலைகளைச் சுற்றிப் பார்த்தார். தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய அவரது நூல் 1861ஆம் ஆண்டு வெளிவந்தது.

மரங்கள் அழிந்தால் மலைச்சரிவின் மண் மழையில் கரைந்தோடும், ஊற்றுகள் வற்றும். மலைமண்ணும் ஒரே வகையன்று. நீலகிரியில் சோலைக்காட்டின் இலைமக்கு நிறைந்த கருமண் மழைநீரை உறிஞ்சி, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. புல்வெளியின் மண்ணைப் புல்வேர்கள் பிடித்து நிறுத்துகின்றன. பள்ளத்தாக்குச் சதுப்பு மண் நீரையும் கரியையும் நெடுங்காலம் சேமிக்கிறது. இவற்றுள் ஒன்று கெட்டாலும், மலையடிவார மக்களின் குடிநீரும் உழவும் பாதிக்கப்படும்.

கிளெகார்னின் பணி எளிதன்று. இருப்புப்பாதைக்கு மரம் அளிப்பதும் அவர் கடமையாயிற்று. காட்டை எரித்துப் பயிரிடும் குமரி முறையை அவர் எதிர்த்தார். அம்முறைக்கு வந்த தடைகளால், அதனையே நம்பி வாழ்ந்த மலைமக்கள் துன்புற்றனர். மண்ணைக் காப்போர் அங்கு வாழும் மக்களையும் எண்ண வேண்டும் என்பதை அவரது வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அவர் 1895ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் மறைந்தார்.

சொற்பொருள்

சோலைக்காடு – மலைப் பள்ளங்களில் வளரும் பசுமை மாறாக் காடு
இலைமக்கு – இலைகள் மக்கி உண்டாகும் உரம்
இருப்புப்பாதை – ரயில் பாதை

வினாக்கள்

1. கிளெகார்ன் எப்போது காட்டுக் காப்பாளரானார்?
2. நீலகிரியின் மூவகை மண் செய்யும் பணிகள் யாவை?
3. குமரி முறை பற்றிய தடைகளால் யார் துன்புற்றனர்? உம் கருத்தை எழுதுக.
4. உம் வீட்டருகே மழைநீர் எங்குத் தங்குகிறது, எங்கு வழிந்தோடுகிறது? கண்டு எழுதுக.