மதுவிலக்குக் கண்ட மூதறிஞர்

தூத்துக்குடித் துறைமுகத்தினின்று தெற்கே திருச்செந்தூர் நோக்கிச் செல்வோர் வழியெங்கும் பனைகள் அணியணியாய் நிற்கக் காண்பர். கிழக்கே முத்துக்குளித்தலால் பழம்புகழ் பெற்ற கடல்; மேற்கே செம்மணல் நிறைந்த தேரிக்காடு. கடல் தந்த முத்து அரசர்க்கும் செல்வர்க்கும் அணியாயிற்று. பனை தந்த பயனோ ஏழையின் வயிற்றை நிரப்பிற்று. பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய நீர் சுரக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பின் அந்நீர் பதநீராம்; தடவாது விடின் சிறிது நேரத்திற்குள் புளித்துக் கள்ளாம். பதநீர் விடிலியிற் காய்ச்சப்பட்டுக் கருப்பட்டியாகிக் குடும்பத்தைக் காக்கும். கள் குடும்பத்தைக் குலைக்கும். ஒரே மரத்தின் நீர் இருவேறு வழிகளிற் செல்லும்போது, நாடு எவ்வழியை மேற்கொள்ள வேண்டும் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை காண நெடுங்காலம் உழைத்தவர் மூதறிஞர் இராஜாஜி ஆவர்.

சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் என்பது அவர்தம் முழுப்பெயர். அவர் 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி கற்று, 1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். நாவன்மையாலும் நுண்ணறிவாலும் பொருளும் புகழும் அவரை நாடி வந்தன. 1917-ஆம் ஆண்டில் சேலம் நகராட்சித் தலைவரானார். பின்னர்க் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் பெருவருவாய் தந்த தொழிலைத் துறந்தார், சிறை புகுந்தார்.

1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஒன்றை நிறுவினார். கதர் வளர்ப்பும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அதன் பணிகளாயின. பகலெல்லாம் வியர்வை சிந்தி உழைத்த எளிய மக்கள், மாலையில் அக்கூலியைக் கடையிற் கொடுத்துவிட்டு வெறுங்கையராய் வீடு திரும்பும் அவலத்தை அவர் அங்கே அண்மையிலிருந்து கண்டார். அதனைப் போக்குதற்கு 1929-ஆம் ஆண்டில் விமோசனம் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். மதுவின் தீமையைக் கதைகளாலும் படங்களாலும் விளக்குவதே அதன் நோக்கம். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய எழுத்தாளர் கல்கி அவ்விதழில் அவருக்குத் துணை நின்றார்.

அக்காலத்தே கடல் கடந்த அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இதே முயற்சி நடைபெற்று வந்தது. குடியால் துன்புற்ற பெண்டிரும் திருச்சபையாரும் நெடுநாள் போராடியதன் பயனாய், 1920-ஆம் ஆண்டில் அந்நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஆயினும் மக்கள் ஒருமனப்படவில்லை. சிற்றூர்களில் வாழ்ந்த பழங்குடியினர் பலர் அதனை அறத்தின் வெற்றி என்று போற்றினர். ஜெர்மனி, அயர்லாந்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து நகரங்களிற் குடியேறியவர்களோ, உணவோடு மது அருந்துதலைத் தம் மரபாகக் கொண்டவர்கள். சட்டம் தம் வாழ்க்கை முறையையே பழிக்கின்றது என்று வருந்தினர். இப்பிளவிடையே கள்ளக் கடத்தல் தலையெடுத்தது. கொள்ளைக் கூட்டத்தார் கொழுத்தனர். 1933-ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் வீழ்ந்தது இந்தியாவில் நிற்குமோ என்று பலர் ஐயுற்றனர். மதுவிலக்கை வேண்டியோர் அதற்கு விடை கூறினர். இந்நாட்டில் இந்து சமயச் சான்றோரும் இசுலாமியப் பெரியோரும் ஒருங்கே மதுவை விலக்கியுள்ளனர். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். ஆதலின் இங்குச் சட்டம் மரபோடு முரணாது என்பது அவர்தம் கருத்து. எனினும், ஊர்த்தெய்வ வழிபாட்டிலும் உழவர் விழாக்களிலும் கள்ளுக்கு இடம் தந்த மக்களும் இங்கு வாழ்ந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

1937-ஆம் ஆண்டில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கிற்று. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு ஆகிய மாவட்டங்களுக்கும் அது பரவிற்று. மதுவினால் வரும் வரி அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாக இருந்தது. அதனை இழந்து அரசு நடத்துவது எங்ஙனம் என்று வினவியோர்க்கு, 1939-ஆம் ஆண்டில் விற்பனை வரியை விதித்து அவர் விடையளித்தார். வணிகர் எதிர்த்தனர், ஆயினும் அவ்வரி நிலைத்து நின்றது. ஆனால், போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விடுதலையின் பின்னர், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த 1948-ஆம் ஆண்டில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த தூத்துக்குடிக்கும் அது வந்தது.

கள்ளை விலக்கிய சட்டம் பனைத் தொழிலாளியை மறந்துவிடின் அறமாகாது. அதிகாலையில் இருள் பிரியுமுன் நெடுமரங்களில் ஏறி இறங்குவோர்க்கு வேறு பிழைப்பில்லை. தென்கடற்கரையிலோ கருப்பட்டித் தொழில் தொன்றுதொட்டு வளர்ந்திருந்தது. உடன்குடிக் கருப்பட்டியின் பெயரை அறியாதார் இலர். கள்ளின்றியும் பனை வாழ்விக்கும் என்பதற்கு இப்பகுதியே சான்றாய் நின்றது. எனினும், பதநீருக்கும் கள்ளுக்கும் இடையே உள்ள எல்லை சுண்ணாம்புப் பூச்சு ஒன்றே யாதலின், எளிய பனையேறி சட்டத்திற்கு அஞ்சி வாழவும் நேர்ந்தது. 1949-ஆம் ஆண்டில், வ. உ. சிதம்பரனாரின் பெயர் தாங்கிய கப்பலைத் தொடங்கி வைக்க இராஜாஜி தூத்துக்குடிக்கு வந்தார். அப்போது அவர் இந்தியாவின் தலைமை ஆளுநர்.

மதுவிலக்கில் அவரோடு மாறுபட்டோருள் அவர்தம் நண்பர் தந்தை பெரியாரும் ஒருவர். முன்னாளில் கள்ளுக்கு எதிராகத் தம் தென்னை மரங்களையே வெட்டி வீழ்த்தியவர் பெரியார். பிற்காலத்தில், சட்டத்தால் குடியை ஒழித்தல் இயலாது என்னும் கருத்தினர் ஆயினார். கருத்து வேறுபட்டும் இருவர்தம் நட்பு குன்றவில்லை.

1971-ஆம் ஆண்டில் தமிழக அரசு, நிதி நிலையைக் காரணமாகக் கொண்டு, மதுவிலக்கைத் தள்ளிவைக்க முனைந்தது. அப்போது இராஜாஜிக்கு 92 வயது. மழை பெய்த ஓர் இரவில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்திற்குத் தாமே சென்று, அதனைக் கைவிடுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை, ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் மதுவிலக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். 1974-இல் மீண்டும் வந்த மதுவிலக்கு 1981-இல் நீங்கிற்று. இன்று மதுக்கடைகளை அரசே நடத்துகின்றது.

மாணவர்களே! சட்டம் ஒருவனது கையைத் தடுக்கலாம். மனத்தைத் திருத்துவது கல்வியும் அன்புமே. ஆயினும் ஏழையின் கூலியைக் காப்பது அரசின் கடமை என்று எண்ணிய அம்மூதறிஞர், வருவாய் இழப்புக்கோ, எதிர்ப்புக்கோ, தோல்விக்கோ அஞ்சவில்லை. பயன் கைகூடுமுன் காலம் முடியினும் நற்பணியைக் கைவிடாமையே பெரியோர் இயல்பு. அவ்வுறுதியை நாமும் பெறுவோமாக.