குழந்தைகளுடன் நடந்த மருத்துவர்

சென்ற ஆவணி மாதம் எங்கள் அப்பத்தா காலமானார். எண்பது வயதைத் தாண்டியவர். கல்யாணச் சாவு என்று ஊரார் சொன்னார்கள். நாங்களும் அழுது ஓய்ந்தோம். ஆனால் என் அண்ணன் மகளுக்கு வயது நான்கு. அன்று அவளை அடுத்த தெருவில் உறவினர் வீட்டில் விட்டு வைத்திருந்தோம். திரும்பி வந்ததும் அப்பத்தாவைத் தேடினாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னது நான்தான். அன்று முதல் மாலை ஆறு மணிப் பேருந்து வரும் நேரத்தில் அவள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மூலையில் கிடந்த வெற்றிலை உரலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். இதை விட்டுவிட்டு அப்பத்தா எந்த ஊருக்கும் போகமாட்டாரே என்று கேட்டாள். உளவியலைத் துணைப்பாடமாகப் படிக்கும் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

இதை எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் விடை ஒன்றும் கூறவில்லை. தாகூரின் 'டாக்கர்' என்ற நாடகத்தைப் படித்துவிட்டு வா என்றார். அந்த நாடகத்தைப் போலந்து நாட்டில், சாவின் வாசலில் நின்ற குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஒரு மருத்துவரைப் பற்றியும் தேடிப் படி என்றார். அப்படித்தான் யானுஷ் கோர்ச்சாக் என்ற பெரியவர் எனக்கு அறிமுகமானார். மேலை நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த அப்பெயரை நான் அதுவரை கேட்டதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். வார்சா நகரில் வசதியான யூதக் குடும்பம்; தந்தை பெயர் பெற்ற வழக்கறிஞர். பிறந்த நாள் ஜூலை 22. ஆண்டு 1878ஆ, 1879ஆ என்பது அவருக்கே ஐயம். தந்தை உரிய காலத்தில் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார். வழக்கறிஞர் வீட்டிலேயே இப்படி!

ஹென்ரிக்குக்கு ஐந்து வயதிருக்கும்போது வீட்டில் வளர்த்த கானரிக் குருவி செத்துப்போயிற்று. சிறுவன் அதைப் பஞ்சு சுற்றி ஒரு மிட்டாய் டப்பாவில் வைத்து, முற்றத்து மரத்தடியில் புதைக்கப் போனான். மேலே ஒரு சிலுவை நட வேண்டும் என்பது அவன் ஆசை. கேவலம் ஒரு பறவைக்குச் சிலுவையா என்று வேலைக்காரப் பெண் கடிந்துகொண்டாள். அதைவிடப் பெரிய அடியைக் காவல்காரரின் மகன் கொடுத்தான். குருவி யூதக் குருவி, நீயும் யூதன், ஆகையால் உனக்குச் சொர்க்கம் இல்லை, செத்தபின் இருட்டான ஓரிடத்துக்குத்தான் போவாய் என்றான். இருட்டறை என்றாலே நடுங்கும் பிள்ளை அது. அறுபது வயதைக் கடந்த பிறகும், தம் கடைசி நாட்குறிப்பில் கோர்ச்சாக் இந்தக் குருவியை மறவாமல் எழுதி வைத்தார்.

குழந்தைகளுக்குச் சாவு புரியாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அறிஞர்கள் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஹங்கேரி நாட்டில் மரியா நாகி என்ற அம்மையார் மூன்று முதல் பத்து வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் பேசியும், எழுதவும் வரையவும் சொல்லியும் ஆராய்ந்து, முடிவுகளை 1948இல் வெளியிட்டார். மிகச் சிறியவர்களுக்குச் சாவு என்பது ஒரு பயணம் அல்லது நீண்ட உறக்கம். போனவர் திரும்பி வரலாம். சற்று வளர்ந்தவர்களுக்கு அது ஆளைப் பிடித்துப் போக வரும் ஓர் உருவம். ஒன்பது வயதுக்கு மேல்தான் எல்லோருக்கும் வரும் முடிவு என்று தெளிகிறது. பின்வந்த ஆய்வாளர்கள் வயதைக் குறைத்துவிட்டார்கள். செத்தவர் மீளமாட்டார், செத்த உடலுக்குப் பசியோ வலியோ இல்லை, உயிருள்ள யாவும் ஒருநாள் சாகும் என்ற மூன்றையும் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பிடித்துக்கொள்கின்றனர் என்று 1984இல் தொகுத்துச் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சாவு ஒரு பயணம் என்ற மயக்கத்தை எங்கள் வீட்டுப் பிள்ளைக்குள் நட்டவனே நான் அல்லவா? அவளோ ஒரு வெற்றிலை உரலை வைத்துக்கொண்டு அதைத் தானாகவே உடைத்துப் பார்த்தாள்.

ஹென்ரிக்கின் பிள்ளைப் பருவம் விரைவில் முடிந்தது. தந்தைக்குச் சித்தம் கலங்கிற்று. 1896இல் அவர் இறந்தார். மாணவன் வீடு வீடாகச் சென்று பாடம் சொல்லிக் கொடுத்துத் தாயையும் சகோதரியையும் காப்பாற்றினான். மருத்துவம் படித்துக்கொண்டே ஒரு நாடகப் போட்டிக்கு எழுதியபோது, பழைய நாவல் ஒன்றிலிருந்து எடுத்து வைத்துக்கொண்ட புனைபெயரே கோர்ச்சாக். பட்டம் பெற்றபின் குழந்தைகள் மருத்துவமனையில் பணி செய்தார். ரஷ்ய–ஜப்பானியப் போர்க்களத்துக்கும் மருத்துவராகப் போய் வந்தார். நல்ல வருமானமும் புகழும் இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு 1912இல் குரோக்மால்னா தெருவில் எழுந்த அனாதை இல்லத்துக்குத் தலைவராகப் போய்விட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற அம்மையார் கடைசி நாள் வரை அந்த இல்லத்துக்குத் துணை நின்றார்.

அந்த இல்லத்தில் ஏறத்தாழ நூறு குழந்தைகள். அவர்களுக்கென்று ஒரு நாடாளுமன்றம், ஒரு செய்தித்தாள், ஒரு நீதிமன்றம்! நீதிபதிகள் குழந்தைகளே. சட்டப் பிரிவுகள் ஒன்று முதல் ஆயிரம் வரை எண் இடப்பட்டிருந்தன. முதல் தொண்ணூற்றொன்பதும் ஏதோ ஒரு வகையில் மன்னிப்பவையே. ஆயிரமாவது பிரிவுதான் இல்லத்தை விட்டு விலக்குவது. கோர்ச்சாக்கின் மீதும் பிள்ளைகள் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார். நம் விடுதிகளில் இதைச் செய்து பார்க்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. காப்பாளர்கள் பொறுத்தருள்க.

முதல் உலகப் போரில் மீண்டும் இராணுவ மருத்துவராக இருந்தபோது, குழந்தையை எவ்வாறு நேசிப்பது என்பது பற்றி ஒரு நூல் எழுதினார். குழந்தைக்குரிய மூன்று அடிப்படை உரிமைகளை அதில் கூறுகிறார். இன்றைய நாளைத் தனதாக்கி வாழும் உரிமை ஒன்று. தான் எவ்வாறு இருக்கிறதோ அவ்வாறே இருக்கும் உரிமை மற்றொன்று. ஆனால் இவற்றுக்கு முன்னால் அவர் வைப்பது, சாவுக்கான உரிமை! முதலில் படித்தபோது திடுக்கிட்டேன். இரண்டு மூன்று முறை படித்தபின் விளங்கிற்று. பிள்ளை செத்துவிடுமோ என்ற அச்சத்தால் நாம் அதை ஓடவிடாமல், ஏறவிடாமல், நனையவிடாமல் வைத்திருக்கிறோம். சாவிலிருந்து பறிப்பதாக எண்ணி வாழ்விலிருந்து பறித்துவிடுகிறோம் என்பது அவர் கருத்து. நோயுற்ற பிள்ளைகளின் படுக்கையருகே ஆண்டுக்கணக்காக இருந்தவர் சொன்னது ஆகையால், இதை வெறும் தத்துவம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

1920இல் அவருக்கு டைஃபஸ் காய்ச்சல் கண்டது. பணிவிடை செய்த தாய்க்கும் அது தொற்றிற்று. மகன் பிழைத்தார், தாய் பிழைக்கவில்லை. அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை. மூன்றாண்டு கழித்து, 1923இல், 'முதலாம் மாத்தியுஷ் அரசன்' என்ற கதை வெளிவந்தது. தந்தை இறந்ததால் சிறு வயதிலேயே முடி சூடிக்கொள்ளும் ஒரு பிள்ளையின் கதை அது. முதற்பக்கங்களிலேயே அரசரின் மரணம் வருகிறது. தொடர்ந்து எழுதிய இரண்டாம் நூலின் முடிவில் மாத்தியுஷும் இறந்துபோகிறான். குழந்தைகளுக்கான கதையில் இப்படியா என்று நமக்குத் தோன்றும். அக்குழந்தைகளுக்குத் தோன்றியிராது. அனாதை இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாவு புதிய செய்தி அல்லவே!

முப்பதுகளில் வானொலியில் கிழ டாக்டர் என்ற பெயரில் பேசிப் பெரும்புகழ் பெற்றார். யூத வெறுப்பு முற்றியதும் அந்நிகழ்ச்சி நின்றது. 1939இல் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை வார்சாவின் ஒரு மூலையில் மதிலுக்குள் அடைத்தார்கள். அனாதை இல்லமும் அதனுள் போயிற்று. இல்லம் மாறியபோது பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டியைப் படையினர் பறித்துக்கொண்டனர். அதைக் கேட்கப் போன கோர்ச்சாக்கைச் சிறையில் தள்ளினார்கள். வெளியே வந்த பின்னரும் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருநூறு பிள்ளைகளுக்காக வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிள்ளைகள் ஈக்களைப்போல் மடிந்துகொண்டிருந்த மற்றொரு காப்பகத்தின் பொறுப்பையும் தாமாகக் கேட்டு ஏற்றுக்கொண்டார்.

அந்நாளைய நாட்குறிப்பில் ஒரு காட்சி உண்டு. நடைபாதையில் ஒரு சிறுவன் கிடக்கிறான். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அவனருகிலேயே மூன்று சிறுவர்கள் கயிறு கட்டிக் குதிரை விளையாடுகிறார்கள். கயிறு கிடப்பவன்மேல் சிக்கிக்கொள்கிறது. எடுத்துப் பார்க்கிறார்கள், தடுமாறுகிறார்கள். கடைசியில் இவன் இடைஞ்சலாக இருக்கிறான் என்று சில அடி தள்ளிப் போய் ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். கோர்ச்சாக் அவர்களைப் பழித்து ஒரு சொல்லும் எழுதவில்லை. சாவைப் புரிந்துகொள்ளாத பிள்ளைகள் அல்லர் அவர்கள். நாள்தோறும் கண்டு பழகிவிட்ட பிள்ளைகள்.

இந்த நிலையில்தான் அவர் தாகூரைத் தேர்ந்தெடுத்தார். தாகூர் 1902இல் மனைவியையும், 1903இல் ஒரு மகளையும், 1907இல் பதினொரு வயது மகனையும் இழந்தவர். 'டாக்கர்' 1911இல் எழுதப்பட்டது. டாக்கர் என்றால் தபால் நிலையம். அமல் என்ற நோயாளிச் சிறுவனை வெளியே விடக் கூடாது என்று வைத்தியர் கட்டளை. அவன் சன்னலருகே உட்கார்ந்து தயிர்க்காரருடனும் காவற்காரருடனும் பூக்காரச் சிறுமி சுதாவுடனும் பேசுகிறான். எதிரே புதிதாக வந்த தபால் நிலையத்தின் வழியே அரசர் தனக்குக் கடிதம் எழுதுவார் என்று காத்திருக்கிறான். இறுதியில் அரச வைத்தியர் வந்து கதவுகளையெல்லாம் திறக்கச் சொல்கிறார். அமல் உறங்கிப்போகிறான். மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருந்திய நாடகம் வேறு ஏது? 1942 ஜூலை 18 அன்று, எஸ்தர்கா வினோக்ரோன் என்ற இளம்பெண்ணின் இயக்கத்தில் பிள்ளைகள் அதை நடித்தார்கள். ஏன் இந்த நாடகம் என்று கேட்டவரிடம், சாவை அமைதியாக ஏற்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக என்று கோர்ச்சாக் விடையளித்ததாகச் சொல்கிறார்கள்.

நான்கே நாளில், ஜூலை 22 அன்று, மதிலுக்குள் இருந்தவர்களைக் கொலைக்களத்துக்கு ஏற்றிச் செல்லும் பணி தொடங்கிற்று. அன்று அவருடைய பிறந்தநாள். ஆகஸ்டு முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. தப்பிக்க அவருக்கு வழிகள் இருந்தன. நண்பர்கள் போலி அடையாளச் சீட்டோடு முன்னமே வந்து அழைத்திருந்தார்கள். அவர் போகவில்லை. ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளும் ஆசிரியர்களும் வரிசையாகத் தெரு வழியே இரயிலடிக்கு நடந்தனர். அவர்களோடு அவரும் நடந்தார். இரயில் போய்ச் சேர்ந்த இடம் திரெப்ளிங்கா. அந்த நடையைப் பற்றிப் பலரும் பல அலங்காரக் கதைகளைக் கட்டியிருக்கிறார்கள். அவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. வழியில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன விடைகளும் அவர்களுடனேயே போய்விட்டன. இன்று திரெப்ளிங்காவில் நட்டுள்ள 17,000 கற்களில் தனி மனிதர் பெயர் தாங்கியது ஒன்றே ஒன்று. அதில் அவர் பெயரும் குழந்தைகளும் என்று பொறித்திருக்கிறார்கள். குழந்தை உரிமைகளுக்கு ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா.வில் 1978இல் முதலில் முன்மொழிந்ததும் அவர் பிறந்த போலந்து நாடே. அவ்வுடன்படிக்கை 1989இல் நிறைவேறியது.

படித்து முடித்த வாரம் ஊருக்குப் போனேன். அண்ணியிடம் சொல்லிவிட்டு, குழந்தையைத் திண்ணையில் உட்கார வைத்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அப்பத்தா செத்துப்போய்விட்டார், இனி எந்தப் பேருந்திலும் வரமாட்டார், நான் முன்பு சொன்னது பொய் என்றேன். அவருக்கு இப்போது வெற்றிலை வேண்டாமா என்று கேட்டாள். வேண்டியிருக்காது, பசிக்காது, வலிக்காது என்றேன். நீயும் செத்துப்போவாயா என்றாள். ஆம், ஆனால் நெடுநாள் கழித்து என்று சொல்லும்போது எனக்குத்தான் குரல் தடுமாறியது. சற்று நேரம் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த உரலைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.