வால்டெமார் ஹாஃப்கின்

வால்டெமார் ஹாஃப்கின் (மார்ச் 15, 1860 – அக்டோபர் 26, 1930) காலரா, பிளேக் ஆகிய இரு கொள்ளைநோய்களுக்கும் தடுப்பூசி உருவாக்கிய நுண்ணுயிரியல் அறிஞர் ஆவார். உருசியப் பேரரசின் ஒடெசா நகரில் (இன்றைய உக்ரைன்) யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்தார். இரு தடுப்பூசிகளையும் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மருத்துவப் பணியாளர்கள் தடுப்பூசிக்காக எதைக் கொடுக்க முன்வருவர் என்று ஆராய்வோர்க்கு இவர் வாழ்க்கை நல்லதொரு தொடக்கமாகும்.

இளமை

ஒடெசாவில் மெச்னிகோவிடம் பயின்றார். கிறித்தவ சமயத்திற்கு மாற மறுத்ததால் அங்கு உயர்பதவிகள் இவருக்கு எட்டவில்லை. 1888இல் ஜெனீவாவுக்கும், அடுத்த ஆண்டு பாரிசின் பாஸ்டர் நிறுவனத்திற்கும் சென்றார். அங்கு முதலில் கிடைத்தது நூலகர் வேலையே.

காலரா தடுப்பூசி

1892 சூலை 18 அன்று, தாம் உருவாக்கிய காலரா தடுப்பூசியைத் தாமே போட்டுக்கொண்டார். காய்ச்சல் கண்டு மீண்டார். பின்னர் உருசிய நண்பர்கள் சிலரும் போட்டுக்கொண்டனர். பாரிசில் பிரித்தானியத் தூதராக இருந்த டஃபரின் பிரபு முன்னாள் இந்திய வைசிராய். அவர் ஆதரவால் 1893இல் ஹாஃப்கின் கல்கத்தா வந்தார்.

மக்கள் ஐயுற்றனர், எதிர்ப்பும் இருந்தது. எனவே எவரையும் கட்டாயப்படுத்தாமல், விரும்பியோர்க்கு மட்டுமே ஊசி போட்டார். 1894இல் கல்கத்தாவின் கட்டல் பகான் சேரியில் சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி ஏற்றனர். அதன்பின் அங்கு காலரா கண்ட பத்துப் பேரும், அவர்களில் இறந்த எழுவரும் ஊசி ஏற்காதவர்களே. இந்திய மருத்துவர்கள் சிலர் உடன் உழைத்தனர். அவர்கள் துணையின்றி இப்பணி நடந்திராது. 1895க்குள் ஏறத்தாழ 42,000 பேர் ஊசி ஏற்றிருந்தனர்.

பிளேக் தடுப்பூசி

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கப்பட்ட சிறு இடத்தில் ஆய்வைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே, வெப்பத்தால் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களைக் கொண்ட தடுப்பூசி தயாரானது. 1897 சனவரி 10 அன்று அதையும் முதலில் தாமே ஏற்றார். அதன் பிறகே பைகுல்லா சிறைக் கைதிகளில் தாமாக முன்வந்தோர்க்கு அது போடப்பட்டது. 1899இல் இவரது ஆய்வகம் பரேலுக்கு இடம்பெயர்ந்தது.

முல்கோவால் நிகழ்வு

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் டெட்டனசு எனப்படும் இசிவு நோயால் மாண்டனர். பத்தொன்பதின்மருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுக்கப்பட்டிருந்தது. விசாரணைக் குழு பம்பாய் ஆய்வகத்தையே குறை கூறியது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து ஊதியமின்றி விலக்கப்பட்டு இங்கிலாந்து சென்றார்.

ஊர் மருத்துவ உதவியாளர் புட்டியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்ததையும், அது முறையாகத் தூய்மை செய்யப்படாததையும் சான்றுகள் காட்டின. மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் 1907இல் டைம்ஸ் இதழில் எழுதிய பின்னரே பழி நீங்கியது. மீண்டும் இந்தியாவில் பணி கிடைத்தது. ஆனால் பம்பாய் ஆய்வகம் கிடைக்கவில்லை, கல்கத்தாவுக்கே அனுப்பப்பட்டார். ஐந்தாண்டுப் பழிக்கு இது ஈடாகாது என்பதே பொதுவான கருத்து.

இறுதிக் காலம்

பணி ஓய்வுக்குப் பின் ஐரோப்பாவில் வாழ்ந்து, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். 1925இல் பரேல் ஆய்வகம் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து 2.6 கோடி அளவு பிளேக் தடுப்பூசி அனுப்பப்பட்டது. 1964இல் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

பிற்காலத் தொடர்ச்சி

ஹாஃப்கின் கொடுத்தது தம் உடலை. இன்றைய பணியாளர் முன் நிற்பது பெரும்பாலும் பணக் கேள்வி. கடலூர் அரசு மருத்துவமனையிலோ, 1985இல் சிதம்பரத்தில் தொடங்கிய இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியிலோ (பின்னாளில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி) பணிபுரியும் செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஊசிக்குத்துக் காயத்தால் ஹெப்படைட்டிசு பி தொற்றக்கூடும். இதைத் தடுக்க மூன்று தவணை ஊசி தேவை. குறைந்த ஊதியம் பெறும் ஒப்பந்தப் பணியாளருக்கு அச்செலவும் பெரிதே. நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி 2011இல்தான் விரிவாக்கப்பட்டதால், அதற்கு முன் பிறந்த பணியாளர் பலர் அதைச் சிறு வயதில் பெறவில்லை. 2018 சூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெப்படைட்டிசு கட்டுப்பாட்டுத் திட்டம் மருத்துவப் பணியாளர்களுக்கும் இதை வழங்க வகைசெய்தது. 2021 சனவரி 16 அன்று இந்தியாவில் கோவிட் தடுப்பூசி தொடங்கியபோது, முதலில் மருத்துவப் பணியாளர்களுக்கே, கட்டணமின்றிப் போடப்பட்டது.