வங்கிப் பூட்டுக்குள் கவுஸின் எண்

சர்வருக்கு ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கும்போதெல்லாம் என் திரையில் ஒரு எண் வந்து நிற்கும்: 65537. கூட வேலை பார்க்கிறவங்க பெரும்பாலும் அதைக் கவனிக்கிறதில்லை. ஆனா ஜெர்மனியில் வாழும் நமக்கு அது பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. அதன் சிறப்பைக் கண்டவர் கார்ல் ஃப்ரீட்ரிக் கவுஸ்.

பிரவுன்ஷ்வைக் நகரில் 1777-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கிடைத்த கைவேலையைச் செய்தவர். அம்மாவோ மகன் பிறந்த தேதியைக் குறித்து வைக்கவில்லை. நம்ம பாட்டிமார் ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முன்னாடின்னு சொல்ற மாதிரி, ஒரு பண்டிகைக்கு முந்தைய புதன்கிழமை என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. பிறகு ஈஸ்டர் தேதிக்குச் சூத்திரம் கண்டவர் அந்த மகனேதான். அவர் பிறந்தது ஏப்ரல் 30.

அப்பாவுக்கு மேற்படிப்பில் நாட்டமில்லை. பள்ளி ஆசிரியரும் அவருடைய உதவியாளர் பார்ட்டெல்ஸும் பையனின் திறமையைக் கண்டார்கள். பிரவுன்ஷ்வைக் கோமகன் படிக்கப் பணம் கொடுத்தார்.

மொழியா கணிதமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர், 1796 மார்ச் 30 அன்று, 18 வயதில், 17 பக்கச் சீரான உருவத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று கண்டார். கிரேக்கர் காலத்திலிருந்து யாருக்கும் பிடிபடாத விஷயம். அன்றோடு கணிதம்தான் என்று முடிவாச்சு.

அதே விதி 65537 பக்கங்களுக்கும் பொருந்தும். பதினாறு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் பகா எண் அது. 3, 5, 17, 257, 65537 என இந்த வகையில் ஐந்துதான் இன்றுவரை தெரியும். வரிசையில் அடுத்த 4294967297-ஐ 641 வகுத்துவிடும் என்று ஆய்லர் 1732-லேயே காட்டிவிட்டார். ஹெர்மெஸ் என்பவர் 65537 பக்க உருவத்துக்கு வழி எழுதவே பத்து வருஷம் செலவிட்டார். அந்தக் காகிதங்கள் இன்றும் கோட்டிங்கனில் இருக்கின்றன.

கவுஸ் 1801-இல் வெளியிட்ட நூல், வகுத்தபின் மிஞ்சும் மீதிகளை வைத்தே ஒரு கணிதத்தை ஒழுங்குபடுத்தியது. யாருக்கு என்ன லாபம்? 1977-இல் பிறந்த ஆர்எஸ்ஏ அந்த மீதிக் கணக்கில்தான் ஓடுகிறது. இருமத்தில் 65537-க்கு இரண்டே ஒன்றுகள், நடுவே 15 பூஜ்யங்கள். அதனால் 17 பெருக்கல்களில் வேலை முடிஞ்சிடும்.

1807-இல் கோட்டிங்கன் வானாய்வகத்துக்குப் போனவர், 1855-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆனா இத்தனையும் கண்டவர், மகன் ஆய்கனைச் சட்டம் படிக்கச் சொல்லி வற்புறுத்தினார். சண்டை முற்றி, மகன் 1830-இல் அமெரிக்காவுக்கே போய்விட்டார்.

எந்தப் படிப்பு சோறு போடும் என்ற கேள்வி நம்ம வீடுகளிலும் உண்டு. அந்தக் கேள்வியால்தான் நான் இன்ஜினியர் ஆனேன், அதில் வருத்தமில்லை. ஆனா நான் மாசாமாசம் வாங்குற சம்பளத்துக்கு அடியில், எதற்கும் உதவாது என்று தோன்றிய ஓர் எண் 180 வருஷம் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. உங்க பிள்ளை அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், கொஞ்ச நாள் உட்கார விடுங்க.